இரண்டாவது பிளாப்பியில் நின்றுபோகும் நிறுவல்

கும்பகோணம் பக்கம் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருப்பது:

"என் தந்தையார் பயன்படுத்திய 486 கணினி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறோம். அவர் பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த கோயில் தல வரலாறுகள் எல்லாம் அதில்தான் உள்ளன. சென்ற மாதம் வரை விண்டோஸ் 95 ஒழுங்காக ஓடியது. அலமாரியில் கிடந்த பழைய பிளாப்பிகளில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவற்றில் ஒன்று கணினிக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் கணினியைப் போட்டதும் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று வந்தது. பிளாப்பியை எடுத்துவிட்டு ஒரு விசையை அழுத்தினோம், வழக்கம்போல் ஓடியது. அதன்பின் விண்டோஸ் மிக மெதுவாகிவிட்டது. எனவே தந்தையார் வைத்திருந்த 13 பிளாப்பிகளைக் கொண்டு, டாஸ் (விண்டோஸுக்கு அடியில் உள்ள பழைய கட்டளை இயங்குதளம்) வழியாகச் சென்று மறுபடி நிறுவ முயன்றோம். முதல் பிளாப்பி ஏறியது. இரண்டாவதைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. நண்பர் ஒருவரின் அச்சகத்திலிருந்து அதே இரண்டாவது பிளாப்பியை வாங்கி வந்து போட்டோம். அவருடைய கணினியில் நன்றாகப் படித்த அந்தப் பிளாப்பி, எங்கள் கணினிக்குள் போய் வந்தபின் அவரிடமும் படிக்கவில்லை. நினைவக அளவைக் காட்டும் மெம் கட்டளை, 640 கே காட்ட வேண்டிய இடத்தில் 638 கே என்கிறது. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு, வேறொரு தொகுப்பைத் தேடிப் போடலாமா?"

அன்புள்ள ஐயா,

இரண்டும் வேண்டாம். ஃபார்மட் செய்ய வேண்டாம். இன்னொரு பிளாப்பியையும் அந்தக் கணினிக்குள் போட வேண்டாம். இதைப் படிக்கும்போது கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்து மின்கம்பியையும் பிடுங்கி வையுங்கள். விண்டோஸ் 95 எங்கேயாவது கிடைத்துவிடும். உங்கள் தந்தையார் பக்கம் பக்கமாக அமைத்து வைத்த தல வரலாறுகள் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே நான் சொல்லப்போகும் வேலைகளின் வரிசையை மாற்றாமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 'நான்-சிஸ்டம் டிஸ்க்' செய்திதான் எனக்கு முதல் துப்பு. கணினி உயிர்பெற்றதும், ஏ டிரைவில் பிளாப்பி இருந்தால், அதன் முதல் செக்டரில் (டிஸ்க்கில் தரவை எழுதும் சிறு கட்டம்) உள்ள 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி அப்படியே இயக்கிவிடும். அந்தப் பிளாப்பியில் டாஸ் இருக்கிறதா, வெறும் கடிதங்கள் இருக்கின்றனவா என்று அது முன்கூட்டிப் பார்ப்பதில்லை. 'இது சிஸ்டம் டிஸ்க் அல்ல' என்ற செய்தியைத் திரையில் எழுதுவதே அந்த முதல் செக்டரில் இருக்கும் சிறு நிரல்தான். அதாவது அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படும்போது பிளாப்பியில் இருந்த நிரல் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கிறது. இந்த முதல் செக்டருக்குத்தான் பூட் செக்டர் என்று பெயர். பூட் செக்டர் வைரஸ் என்பது அந்த இடத்தில் குடியேறிய நிரல். அது முதலில் தன் வேலையை முடித்துக்கொண்டு, பிறகு பழைய செக்டரை அழைத்து அதே செய்தியைக் காட்டச் செய்யும். நீங்கள் பிளாப்பியை எடுத்துவிட்டு விசையை அழுத்தியபோது வைரஸ் நினைவகத்தில் அமர்ந்துவிட்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கும் அதன் கைக்குப் போயிருக்கும். 1986-இல் லாகூரில் எழுதப்பட்ட பிரெயின், 1987-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தோன்றிய ஸ்டோன்டு முதலிய வைரஸ்கள் உலகம் சுற்றியது இப்படி மறந்து உள்ளே விடப்பட்ட பிளாப்பிகளின் வழியேதான். எந்தக் கோப்பையும் யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது துப்பு அந்த 638. டாஸ் பார்க்கும் அடிப்படை நினைவகம் 640 கே, அதாவது 655,360 பைட். ஸ்டோன்டு, மைக்கலாஞ்சலோ, ஃபார்ம் போன்றவை அதன் உச்சியில் 2 கே இடத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு, மொத்த நினைவகமே அவ்வளவுதான் என்று டாஸை நம்பவைக்கும். எஞ்சுவது 653,312 பைட். 639 கே என்று காட்டியிருந்தால் நான் அவ்வளவாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன், ஏனெனில் பல கணினிகளில் பயாஸே (தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை நிரல்) தன் சொந்தத் தேவைக்காக 1 கே எடுத்துக்கொள்வது உண்டு. 638 என்பது அப்படி எளிதில் விட்டுவிடக் கூடிய எண் அல்ல. அங்கே அமர்ந்த வைரஸ், டிஸ்க்கைப் படிக்கவும் எழுதவும் டாஸ் கூப்பிடும் பயாஸ் சேவையின் வாசலில் நின்றுகொள்கிறது. விண்டோஸ் 95 தொடங்கும்போது அந்த வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் நிற்பதைக் கண்டு, தன்னுடைய வேகமான 32-பிட் டிஸ்க் இயக்கியை விட்டுவிட்டு, டாஸ் வழியே மெதுவாகப் போகத் தொடங்கும். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டத்தைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்திருந்தால், 'எம்எஸ்-டாஸ் கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற குறிப்பு அங்கே இருந்திருக்கும். திடீர் மந்தத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மறுபடி நிறுவினாலும் அது போயிருக்காது, ஏனெனில் நிறுவல் நிரல் பெரும்பாலும் கோப்புகளைத்தான் புதுப்பிக்கும்; வைரஸ் இருப்பது கோப்புகளுக்கு வெளியே, நினைவகத்திலும் கூட.

இனி, ஏன் முதல் பிளாப்பி ஏறுகிறது, இரண்டாவது மட்டும் சாகிறது? அந்த 13 பிளாப்பிகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அவற்றின் உள்ளமைப்பு ஒன்றல்ல. முதலாவது எல்லாரும் அறிந்த 1.44 எம்பி அமைப்பில் இருக்கிறது: ஒரு தடத்தில் 18 செக்டர்கள், மொத்தம் 2,880. இரண்டாவது முதல் 13-ஆவது வரை உள்ளவற்றை மைக்ரோசாஃப்ட் டிஎம்எஃப் என்னும் வேறு அமைப்பில் எழுதியது: ஒரு தடத்தில் 21 செக்டர்கள், மொத்தம் 3,360, கொள்ளளவு 1.68 எம்பி. பிளாப்பிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் கண்டபடி நகல் எடுப்பதைக் கடினமாக்குவதும் இதனால் முடிந்தது. சாதாரணப் பிளாப்பியின் தலைப்பட்டியலில் 224 கோப்புப் பெயர்களுக்கு இடம் உண்டு; டிஎம்எஃப்பில் 16 பெயர்களுக்கு மட்டுமே. ஒன்றிரண்டு பெரிய கேப் கோப்புகளைத்தானே (பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை) வைக்கப் போகிறோம் என்று மீதி இடத்தையும் தரவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இந்த வைரஸ்களோ டிஎம்எஃப் பரவலாவதற்கு முன்பே எழுதப்பட்டவை. தாம் தொடும் பிளாப்பி 1.44 எம்பிதான் என்று நம்பி, அதன் பூட் செக்டரில் தம்மை எழுதிவிட்டு, பழைய பூட் செக்டரைத் தலைப்பட்டியலின் கடைசிப் பகுதியில், அதாவது சாதாரணப் பிளாப்பியில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும் இடத்தில், கொண்டுபோய் வைப்பது இவற்றில் பலவற்றின் வழக்கம். முதல் பிளாப்பியில் இதனால் வெளியே தெரியும் சேதம் எதுவும் வராது. இரண்டாவதில் அதே இடம் கேப் கோப்பின் உடல். அதோடு, 'ஒரு தடத்தில் 21 செக்டர்' என்ற விவரமும் பூட் செக்டரில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அது அழிந்தாலோ மாறினாலோ, எப்படி எண்ணிப் படிப்பது என்பது எந்தக் கணினிக்கும் தெரியாமல் போகிறது. நண்பரின் கணினியிலும் அந்தப் பிளாப்பி படிக்காததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. நல்லபடி ஏறுகிறதே என்று நீங்கள் நம்பும் முதல் பிளாப்பிதான் இப்போது அதிக ஆபத்தானது. அதன் எழுத்துத்தடை (பிளாப்பியில் எதையும் எழுதவிடாத தாழ்) போடப்படாமல் இருந்திருந்தால் அதுவும் நோயைச் சுமந்துகொண்டிருக்கும், யாருக்கும் கடன் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது முதல் 13-ஆவது வரை உள்ளவை இன்னும் அந்தக் கணினிக்குள் போகவே இல்லை என்பதால், உங்களிடமும் நண்பரிடமும் அவை பிழைத்திருக்கின்றன. நண்பரின் இரண்டாவது பிளாப்பியைப் பொறுத்தவரை, பூட் செக்டரை மட்டும் சரிசெய்து மீட்க முடியும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்; கேப் கோப்பின் நடுவில் எழுதப்பட்டது திரும்ப வராது. அவருக்குப் புதிதாக ஒரு நகல் செய்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் வைரஸ்தான் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பிளாப்பிகளில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். பிளாப்பியின் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் பழுப்பு நிறத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெண்மையான புள்ளிகளோ, மேகம் படிந்தது போன்ற மங்கலோ இருந்தால் அது பூஞ்சை. அத்தகைய பிளாப்பி ஒன்றைப் போட்டால் டிரைவின் தலையில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலை அடுத்து வரும் நல்ல பிளாப்பியை வட்ட வட்டமாகக் கீறிவிடும். நீங்கள் அலமாரியிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். போகும் பிளாப்பியெல்லாம் கெட்டு வருவதற்கு இதுவும் காரணமாகலாம். கெட்டுப்போன இரண்டு பிளாப்பிகளின் தாளிலும் மெல்லிய வளையக் கீறல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் டிரைவையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தீர்மானமாகத் தெரிந்துகொள்ள ஒரு தூண்டில் பிளாப்பி போதும். மதிப்பில்லாத, பூஞ்சையில்லாத பிளாப்பி ஒன்றை வேறொரு நல்ல கணினியில் புதிதாக ஃபார்மட் செய்து, எழுத்துத்தடை இல்லாமல் எடுத்து வாருங்கள்; 486-ஐத் தொடங்கும்போது அதை உள்ளே போட வேண்டாம். கணினியை ஹார்டு டிஸ்க்கிலிருந்தே தொடங்கி, விண்டோஸ் ஏறும் முன் எஃப்8 அழுத்தி, கமாண்டு பிராம்ப்ட் மட்டும் என்பதைத் தேர்ந்துகொண்டு, அதன்பின் பிளாப்பியைப் போட்டு, ஏ டிரைவுக்கு டிர் கட்டளை (கோப்புப் பட்டியல் காட்டுவது) கொடுங்கள். இதை விண்டோஸுக்குள் இருந்து செய்தால் பயனில்லை. விண்டோஸ் 95 பிளாப்பியைத் தன் சொந்த இயக்கி வழியாகப் படிப்பதால் வைரஸ் அதைச் சீண்டாமல் விட்டுவிடக்கூடும். டிர் முடிந்ததும் பிளாப்பியை வெளியே எடுத்து, மூலையிலுள்ள சிறு தாழைத் தள்ளி, துளை வழியே வெளிச்சம் தெரியும்படி திறந்துவிடுங்கள். அதுதான் எழுத்துத்தடை. அது டிரைவின் மின்சுற்றே மதிக்கும் தடை என்பதால் எந்த வைரஸாலும் மீற முடியாது. பிறகு லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் அதன் முதல் செக்டரை மட்டும் ஒரு கோப்பாக எடுத்துப் பாருங்கள். சுத்தமான செக்டராக இருந்தால் தொடக்கத்தில் 'எம்எஸ்டாஸ்5.0' போன்ற பெயரும், கடைசிப் பகுதியில் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' போன்ற ஒரு வாசகமும், முடிவில் 55 ஏஏ என்ற இரண்டு பைட்டும் இருக்கும். அந்த வாசகம் இருந்த இடத்தில் வேறு ஏதோ நிரம்பியிருந்தால் வைரஸ் அகப்பட்டுவிட்டது. 486-இலேயே வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். சில வைரஸ்கள், தாம் நினைவகத்தில் இருக்கும்வரை, கேட்பவருக்குப் பழைய நல்ல செக்டரையே எடுத்துக் காட்டும்.

இணையத்தில் விற்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவை இதற்கு வாங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. தூண்டில் பிளாப்பியைப் பார்க்க அது போதும். ஆனால் பொதுவாக அந்த டிரைவுகள் டிஎம்எஃப் அமைப்பைப் படிப்பதில்லை. உங்கள் மூன்றாவது பிளாப்பியை அதில் போட்டுவிட்டு, இதுவும் போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தாய்ப்பலகையில் நேரடியாகக் கம்பி இணைத்த பழைய டிரைவில்தான் அவை படிக்கும்.

வைரஸ் உறுதியான பிறகும் உடனே சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். இதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன். 1990-களின் நடுவில், ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் பிளாப்பியிலிருந்து ஏற மறுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பூட் வைரஸ் என்று கண்டுகொண்டேன். அதுவரை பத்துக் கணினிகளிலாவது பலித்திருந்த எஃப்டிஸ்க் /எம்பிஆர் என்ற கட்டளையை, அதாவது ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள தொடக்க நிரலைப் புதிதாக எழுதும் கட்டளையை, அங்கும் கொடுத்தேன். கணினியை மறுபடி தொடங்கியபோது சி டிரைவே இல்லை என்றது. அங்கே இருந்தது மங்கி என்னும் வைரஸ். அது டிஸ்க்கின் பிரிவுப் பட்டியலையே உருமாற்றி வேறொரு செக்டரில் மறைத்துவைத்திருந்தது. அந்தப் பட்டியல் எங்கே என்பதை அறிந்த ஒரே நிரலை நான் துடைத்துவிட்டேன். மறைத்துவைத்த நகல் அப்போதும் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருந்தது, அதை மீட்பதற்கென்றே எழுதப்பட்ட கருவியும் உண்டு என்பதையெல்லாம் பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்கு அது தெரியவில்லை, ஃபார்மட் செய்துவிட்டேன். இரண்டு ஆண்டுக் கணக்கைக் காகிதத்திலிருந்து மறுபடி ஏற்றினார்கள். அந்த அலுவலகத்தில் இருந்த வயதான கணக்கர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

எனவே முதலில் ஹார்டு டிஸ்க்கின் முழுப் பிரதியை எடுத்துவிடுங்கள். அதைக் கழற்றி, ஐடிஇ-யிலிருந்து (பழைய ஹார்டு டிஸ்க்குகளின் இணைப்பு முறை) யுஎஸ்பி-க்கு மாற்றும் இணைப்பான் வழியாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியில் மாட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஆதலால் இணைப்பானோடு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் தனி மின்வழங்கி இருக்க வேண்டும். மிகப் பழைய டிஸ்க்குகள் சிலவற்றை இந்த இணைப்பான்கள் அடையாளம் காணாது. அப்போது ஐடிஇ வாய் உள்ள பழைய பென்டியம் கணினி ஒன்றில் லினக்ஸை சிடியிலிருந்து தொடங்கிச் செய்ய வேண்டியிருக்கும். டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை முதல் செக்டர் முதல் கடைசி செக்டர் வரை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடும். பூட் வைரஸ் இதில் உங்கள் புதிய கணினிக்குத் தொற்றாது. அந்த டிஸ்க்கிலிருந்து கணினியைத் தொடங்கினால்தான் அது உயிர் பெறும். டிஸ்க் மாட்டியிருக்கும்போது கணினியை மறுபடி தொடங்காமல் இருந்தால் போதும். எடுத்த பிரதியில் கோப்புகள் எதுவுமே தெரியாவிட்டாலும் பதறாதீர்கள். மங்கி இருந்தால் அப்படித்தான் தோன்றும். பிரதி கையில் இருக்கும்வரை எதையும் இழக்கவில்லை.

அதன்பிறகு சுத்தம் செய்வது அரை மணி நேர வேலை. நண்பரின் நல்ல கணினியில், அவருடைய விண்டோஸ் 95 உங்களுடைய அதே பதிப்பாக இருந்தால், ஒரு தொடக்கப் பிளாப்பி செய்து, எழுத்துத்தடை போட்டு எடுத்து வாருங்கள். உங்கள் கணினியை மின்சாரத்தையே நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அந்தப் பிளாப்பியிலிருந்து தொடங்க வேண்டும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் போதாது, இந்தியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஜோஷி போன்ற வைரஸ்கள் அதைத் தாண்டியும் நினைவகத்தில் தங்கும். பிறகு எஃப்-புராட் போன்ற டாஸ் காலத்து வைரஸ் ஒழிப்பியைப் பயன்படுத்தி, வந்திருப்பது எந்த வைரஸ் என்று பெயரைக் கண்டுகொள்ளுங்கள். பெயர் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. ஸ்டோன்டு வகையானால் எஃப்டிஸ்க் /எம்பிஆர் தீர்க்கும். ஃபார்ம் ஆனால் அந்தக் கட்டளை அதைத் தொடவே தொடாது, ஏனெனில் அது குடியிருப்பது சி டிரைவின் பூட் செக்டரில். அதற்கு, அந்தச் செக்டரைப் புதிதாக எழுதும் சிஸ் சி: என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். மங்கியோ, டிஸ்க்கின் கடைசியிலிருந்து சிறிது சிறிதாகத் தரவை மறையாக்கம் செய்துகொண்டே வரும் ஒன்-ஹாஃபோ ஆனால், ஒழிப்பியே அதை நீக்கட்டும்; நீங்கள் கையால் எதையும் எழுத வேண்டாம். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அலமாரியில் உள்ள எல்லாப் பிளாப்பிகளையும், முதல் பிளாப்பியையும் சேர்த்து, அதே அமர்வில் சோதித்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் கதை மறுபடி தொடங்கும்.

சுத்தம் செய்தபின் விண்டோஸின் மந்தம் தானாகவே நீங்கிவிடலாம். மறுபடி நிறுவும் தேவையே இல்லாமல் போகலாம். அப்படியும் நிறுவ வேண்டியிருந்தால், பிளாப்பிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்போது மாற்றிக்கொண்டிருக்காமல், 13-இலும் எழுத்துத்தடை போட்டு, அவற்றில் உள்ள கோப்புகள் அனைத்தையும் ஹார்டு டிஸ்க்கில் ஒரே அடைவில் நகலெடுத்து, அங்கிருந்தே நிறுவல் நிரலை இயக்குங்கள். படிக்காத பிளாப்பி எது என்பது வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். பயாஸ் அமைப்பில் வைரஸ் எச்சரிக்கை என்று ஒரு தேர்வு இருந்தால், நிறுவும் நேரத்துக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். நிறுவல் நிரல் பூட் செக்டரில் எழுத முனையும்போது அது குறுக்கிட்டு ஆமா, இல்லையா என்று கேட்கும்; அந்தக் கேள்வி வரைகலைத் திரையில் தெரியாமல் கணினி உறைந்துபோய் நிற்கும். அதையும் வைரஸ் என்று எண்ணிப் பலர் அலைந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தேர்வை மறுபடி போட்டுவிட்டு, தொடங்கும் வரிசையைச் சி முதலில், ஏ பிறகு என்று மாற்றிவிடுங்கள். பிளாப்பி மறந்து உள்ளே கிடந்தாலும் இனி அது இயங்காது.

கடைசியாக, பிரதியிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளை எடுக்கும்போது விண்டோஸ் அடைவின் கீழுள்ள ஃபான்ட்ஸ் அடைவையும், அட்டைப்பெட்டியில் தனியாக எழுத்துரு பிளாப்பிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தன; 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித்தான் தாம், தாப் என்ற பொதுக் குறியீட்டு முறைகள் வந்தன. அதற்கு முந்தைய கோப்பு, தனக்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். உங்கள் தந்தையார் எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார் என்பது நினைவிருந்தால் அதையும், தூண்டில் பிளாப்பியின் முதல் செக்டர் கோப்பையும் அனுப்புங்கள். பார்த்து, வந்திருப்பது எது என்று சொல்கிறேன். என் பதில் வரும்வரை கணினி அணைந்தே இருக்கட்டும்.